உப்புக் காற்றில் இருசக்கர வண்டி: ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உச்சிப்புளிப் பக்கம் சாலையோரத்தில் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். கிளட்ச் கேபிள் வாங்க வருபவரும், மழைக்கோட்டு கேட்டு வருபவரும், வெயிலுக்கு நிழலில் ஒதுங்கி நிற்பவரும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே எழுதி, கடையில் அவசரமாகச் சொல்லும் பதிலை இங்கே நிதானமாக விரித்திருக்கிறேன். மதுரைக்காரருக்கு இதில் பாதி பொருந்தாது. நம் கரையில் வண்டி ஓடித் தேய்வதைவிட நின்று துருப்பிடிப்பதே அதிகம் என்பதை மனத்தில் வைத்துத்தான் எல்லாப் பதில்களும் எழுதப்பட்டுள்ளன.

அண்ணே, மொதல் வண்டி வாங்கப் போறேன். நூறு சிசி போதுமா, இல்ல நூத்தம்பதுக்குப் போகணுமா?

தனியாக, நாளொன்றுக்கு இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 100 சிசி தாராளமாகப் போதும். இந்தக் கரை முழுவதும் சமதரை. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை ஓட்டினாலும் வண்டிக்கு மூச்சு வாங்கும்படி ஒரு மேடு வராது. நமக்கு வாய்த்த ஒரே மலை பாம்பன் பாலத்தின் நடுமுதுகுதான். ஆனால் தினமும் இருவராகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்வருபவர்கள் பேருந்தையும் மீன் லாரியையும் முந்த வேண்டியிருக்கும் என்பதால், 125 சிசி வாங்குவது நல்லது. முந்தும்போது எதிர்ப்பக்கத்தில் நீங்கள் இருக்கும் நேரம் குறையும். அந்தச் சில நொடிகளுக்காகத்தான் கூடுதல் பணம்.

சிசியைப் பார்ப்பதற்கு முன்னால் சங்கிலி முழுவதும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு, வாசல் மணலில் அந்த வண்டியை நீங்கள் ஒருவராகவே தள்ளி எடுக்க முடியுமா என்று யோசியுங்கள். ஸ்பிளெண்டர் ஏறத்தாழ 112 கிலோ எடை கொண்டது. 350 சிசி புல்லட் வகைகள் 180, 190 கிலோ அளவில் இருக்கும். அந்த எடை பாலத்துக் காற்றில் உதவும், மணலில் உயிரை வாங்கும்.

பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போற பொண்ணுக்கு ஸ்கூட்டர் வாங்கலாமா, பைக்தான் ஒழைக்குமா?

ஸ்கூட்டர் உழைக்காது என்பது பழைய பேச்சு. ஸ்கூட்டரில் வெளியே தெரியும் சங்கிலியே இல்லை. இயக்கம் மூடிய பெட்டிக்குள் பெல்ட் மூலம் நடக்கிறது. உப்புக் காற்றில் முதலில் கெடும் உறுப்பு சங்கிலி என்பதால், இது சிறிய ஆதாயம் அல்ல.

குறை சக்கரத்தில் இருக்கிறது. 10 அல்லது 12 அங்குலச் சக்கரம் மணலில் பைக்கின் 17, 18 அங்குலச் சக்கரத்தைவிட எளிதாகப் புதையும். சாலைப் பள்ளத்திலும் ஆழமாக இறங்கும். பள்ளிக்கூடம் தார்ச்சாலை ஓரத்தில் இருந்தால் ஸ்கூட்டரே நல்லது. கடைசி ஒரு கிலோமீட்டர் பனங்காட்டு மணல் பாதை என்றால் பைக்கோ மொபெட்டோ வாங்குங்கள்.

ஸ்போக் வீலா, அலாய் வீலா? மெக்கானிக் ஒண்ணு சொல்றாரு, ஷோரூம்ல ஒண்ணு சொல்றாங்க.

அலாய் வீல். ஸ்போக் கம்பியும் அதன் திருகும் சந்திக்கும் இடத்தில் உப்பு தங்கிக் கம்பி உள்ளுக்குள்ளேயே மெலிகிறது; ஒருநாள் பள்ளத்தில் விழும்போது நான்கைந்து சேர்ந்து அறுகின்றன. அலாய் வீலின் பெயிண்ட் உரிந்து வெள்ளைப் பொடி பூக்கலாமே தவிர, அப்படி அறுவதில்லை.

இன்னொரு காரணம் சீமைக்கருவேல முள். சாதாரண ஸ்போக் சக்கரத்தில் டியூப் இல்லாமல் டயர் போட முடியாது. அலாயில் போடலாம். டியூப்லெஸ் டயரில் முள் ஏறியதைப் பார்த்தால் அங்கேயே பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். முள்ளே அடைப்பாக இருந்து காற்றை மெல்ல மெல்லத்தான் விடும். அதோடு நிதானமாகப் பஞ்சர் கடைவரை போய்விடலாம்.

கடக்கரையில வீடு. தெனமும் வண்டியைக் கழுவணுமா?

எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. கரையோர ஊர்கள் பலவற்றில் கிணற்று நீரே உப்பு. அதை வாளி வாளியாக ஊற்றிக் கழுவிவிட்டு வெயிலில் காயவைத்தால், காற்று ஒரு வாரத்தில் கொண்டுவரும் உப்பை நீங்கள் அரை மணி நேரத்தில் பூசியதாகிவிடும். கழுவிய வண்டி காய்ந்த பிறகு கறுப்பு மட்கார்டில் விரலை இழுத்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்தால் அந்தத் தண்ணீர் வண்டிக்கு ஆகாது.

குடிக்கும் தண்ணீரில் ஒரு வாளியே போதும், அதுவும் வாரம் ஒருமுறை. துணியை நனைத்துப் பிழிந்து, சைலன்சர், சக்கரத்தின் உட்புறம், டேங்கின் அடிவிளிம்பு, ஸ்டாண்டு ஸ்பிரிங் ஆகியவற்றைத் துடைத்தெடுங்கள். பளபளவென்று கண்ணுக்குத் தெரியும் மேல்பக்கத்தை விட்டுவிட்டாலும் குற்றமில்லை. பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூப்பதைத் தடுக்கக் கொஞ்சம் வாசலின் தடவி வையுங்கள்.

பழைய எஞ்சின் ஆயில ஊத்துனா சங்கிலிக்குப் போதும்னு எங்க அப்பா சொல்றாரு, சரியா?

அந்தக் காலத்தில் வேறு எதுவும் கிடைக்காதபோது செய்தது. பழைய எஞ்சின் ஆயிலில் உலோகத் துகளும் கரியும் கலந்திருக்கும். அதன்மேல் நம் ஊர் மணல் ஒட்டினால் சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் இடையில் உப்புத்தாள் போல அராவும். மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் துடைத்து, உலர்ந்த பிறகு 90 எண் கியர் ஆயிலையோ சங்கிலிக்கென விற்கும் ஸ்பிரேயையோ உட்பக்கமாகச் சொட்டு சொட்டாக விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது பொதுக் கணக்கு. மழையில் ஓட்டிய மறுநாள் கணக்குப் பார்க்காமல் செய்ய வேண்டும்.

கவர் போட்டு மூடித்தானே வச்சேன், அப்பவும் எப்படித் துருப்பிடிச்சுது?

மூடியதால்தான். பிளாஸ்டிக் கவருக்குள் இரவில் ஈரம் வியர்த்து வண்டிமேலேயே இறங்குகிறது, பகலில் வெளியேற வழியில்லாமல் வெந்து மறுபடியும் இரவில் இறங்குகிறது, இதற்கிடையில் முன்பே படிந்த உப்பு அந்த ஈரத்தை விடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. காற்றுப் புகும் துணிக் கவர் போடுங்கள், அல்லது கடலுக்கு எதிர்ப்பக்கச் சுவரோரம் ஓலைக் கொட்டகையில் மூடாமல் நிறுத்துங்கள். துடைக்காமல் எந்தக் கவரும் போடாதீர்கள்.

உள்ளூருக்குள்ள போறதுக்கு எதுக்கு ஹெல்மெட்டு? வேர்த்துக் கொட்டுது.

சட்டத்தில் உள்ளூர், வெளியூர் என்ற பிரிவு இல்லை. ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் போட வேண்டும். தவறினால் தமிழ்நாட்டில் 1,000 ரூபாய் அபராதம். ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 4151 என்ற எண் உள்ளதா என்று பாருங்கள். வேர்வைக்கு வழி உண்டு: நெற்றியிலும் பின்தலையிலும் காற்றுத் துளை உள்ளதை வாங்கி, உள்ளே மெல்லிய பருத்தித் துணிக் குல்லா போட்டுக்கொள்ளுங்கள், குல்லாவைத் துவைப்பது ஹெல்மெட்டைத் துவைப்பதைவிட எளிது.

கைக்குழந்தையை நடுவுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போலாமா?

நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் ஹெல்மெட் கட்டாயம். முன்னே தந்தையும் பின்னே தாயுமாக, அந்தக் குழந்தையை நடுவில் உட்கார வைத்தால் மூவர் செல்வதாகவே கணக்கு. நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தையைக் கொண்டுசெல்லும்போது, 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை இருக்க வேண்டும், ஒன்பது மாதம் நிறைந்த குழந்தைக்கு அளவான ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. டேங்கின்மேல் உட்கார வைப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். பிரேக் பிடித்ததும் குழந்தையின் முகம்தான் முதலில் போய் மீட்டரில் மோதும்.

மழைக்கோட்டு எத வாங்குறது? போன வருசம் வாங்குனது ஒரே மழையில ஒழுகிருச்சு.

போர்வை போலக் கவிழ்த்துக்கொள்ளும் ஒற்றை அங்கியை வண்டி ஓட்டுபவர் வாங்க வேண்டாம். வாடைக் காற்றில் அது வள்ளத்துப் பாய் போல உப்பி வண்டியையே இழுக்கும். நுனி பறந்து பின்சக்கரத்தில் சிக்கினால் ஆளையும் சேர்த்து இழுத்துப் போடும். மேலுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என இரண்டு துண்டாக உள்ளதையே வாங்குங்கள். கடையில் அதை உட்புறம் வெளியே வரும்படி புரட்டித் தையலைப் பாருங்கள். ஊசி இறங்கிய ஒவ்வொரு துளையும் தண்ணீர் புகும் வழி என்பதால், நல்ல கோட்டில் தையல் முழுவதும் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டை ஒட்டியிருப்பார்கள். பட்டை இல்லாவிட்டால் துணி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் தோளிலும் தொடைச் சந்திலும் ஒழுகும். உங்களுடையது ஒழுகியதும் அங்கேதான் என்று நினைக்கிறேன். உட்கார்ந்து ஓட்டும்போது மடியில் குளம் போலத் தண்ணீர் தேங்கும். அதற்கு நேர் கீழே தையல் வருகிறது.

அளவை நின்றுகொண்டு பார்க்காதீர்கள். போட்டுக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்து கையை ஹேண்டில்பாருக்கு நீட்டுங்கள். மணிக்கட்டும் கணுக்காலும் வெளியே தெரிந்தால் ஒரு அளவு பெரிதாக வாங்க வேண்டும். நிறம் மஞ்சளோ ஆரஞ்சோ இருக்கட்டும். எங்கள் கடையில் கறுப்பும் கருநீலமும்தான் அதிகம் விற்கின்றன, விற்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஐப்பசி மாலையில் அந்த நிறத்து ஆளை லாரி ஓட்டுநர் பத்தடிக்குள் வந்த பிறகுதான் பார்ப்பார்.

காலுக்குச் செருப்பு வேண்டாம்; நனைந்த பாதம் கியர் மிதியில் வழுக்கும். பின்பட்டை உள்ள ரப்பர் சாண்டல் போதும். ஷூ போட்டே ஆகவேண்டியவர்கள் காலுறைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு ஷூவுக்குள் நுழைப்பது பழைய வழி, இன்றும் பலிக்கிற வழி. வீடு திரும்பியதும் கோட்டை நிழலில் உலர்த்தி மடியுங்கள். ஈரத்தோடு சீட்டுக்கடியில் திணித்தால் நம் வெக்கையில் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது மேல்பூச்சு உரிந்துவரும்.

மழையில ஹெல்மெட் கண்ணாடிக்குள்ள ஆவி பூத்து ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது.

கண்ணாடியை ஒரு விரல் கனத்துக்குத் திறந்து வைத்தால் மூச்சுக்காற்று வெளியேறிவிடும். புறப்படுவதற்கு முன் பாத்திரம் தேய்க்கும் திரவச் சோப்பில் ஒரு சொட்டை உட்புறம் தடவி, உலர்ந்த துணியால் சுவடு தெரியாமல் துடைத்தாலும் ஒரு பயணம் தாங்கும். கடலோரமாக ஓட்டிய பிறகு வெளிப்புறத்தில் படியும் மங்கலை மட்டும் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள்; அது உப்புப் பரல், கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீரை ஊற்றிக் கரையவிட வேண்டும்.

பாம்பன் பாலத்துல காத்து தள்ளுது அண்ணே. என்ன செய்யுறது?

1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமானது. ஏறத்தாழ மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. இந்தத் திசையை மனத்தில் வைத்தால் காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்று ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடலாம். ஆனி, ஆடியில் அடிக்கும் கச்சான் தென்மேற்கிலிருந்து வருவதால், ராமேசுவரம் போகும்போது உங்களை இடப்பக்கம் நடைபாதையை நோக்கியும், மண்டபத்துக்குத் திரும்பும்போது வலப்பக்கம் எதிர்வண்டியை நோக்கியும் தள்ளும். ஐப்பசி, கார்த்திகை வாடையில் கணக்கு தலைகீழ்: போகும் வழிதான் ஆபத்து. எனவே கச்சான் காலத்தில் திரும்பும்போதும், வாடைக் காலத்தில் போகும்போதும் சாலையின் நடுக்கோட்டை ஒட்டி ஓட்டவே கூடாது.

காற்றைவிட, காற்று திடீரென்று நிற்பதுதான் ஆளைச் சாய்க்கிறது. காற்றுக்கு எதிராக வண்டியைச் சாய்த்து ஓட்டிக்கொண்டிருக்கும்போது காற்று வரும் பக்கமாகப் பேருந்து ஒன்று கடந்தால், அது மறைக்கும் ஒரு நொடியில் வண்டி அந்தப் பேருந்துப் பக்கமே சாயும்; கடந்தவுடன் காற்று மறுபடி அறையும். பேருந்து வருவதைப் பார்த்தவுடன் வேகத்தைக் குறைத்து, முழங்கால்களால் டேங்கை இறுக்கி, கைகளைத் தளர்வாக வையுங்கள். பலரும் இதற்கு நேர்மாறாகக் கையை இறுக்கிக் காலை விரிக்கிறார்கள். பாலத்தின் இணைப்புகளில் உள்ள இரும்புப் பட்டைகள் மழையில் வழுக்கும். அவற்றை நேராகக் கடக்க வேண்டும், அதன்மேல் பிரேக்கைத் தொடக்கூடாது. புயல் எச்சரிக்கை நாளில் பாலத்தைத் தவிர்ப்பதைத் தவிர வேறு உத்தி இல்லை.

முன் பிரேக்கைப் புடிச்சா விழுந்துருவோம்னு சொல்றாங்களே?

தார்ச்சாலையில், நனைந்திருந்தாலும், முன் பிரேக்தான் வண்டியை நிறுத்தும் பெரும்பங்கைச் செய்கிறது. இரண்டையும் சேர்த்து, முதலில் மெல்லவும் பிறகு அழுத்தியும் பிடிக்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புது வண்டிகளில் இரண்டு பிரேக்கும் இணைந்து வேலை செய்யும் அமைப்பாவது இருக்க வேண்டும், அதற்கு மேற்பட்டவற்றில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) இருக்க வேண்டும் என்று விதியே உள்ளது.

அந்தப் பேச்சு உண்மையாகும் இடம் மணல். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் திறக்கப்பட்ட சாலையில் கச்சான் காலத்தில் மணல் ஏறிக் கிடக்கும். அங்கே மணலுக்கு முன்பாகவே வேகத்தைக் குறைத்து, மணல்மேல் எந்தப் பிரேக்கும் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல், சீராகக் கடந்துவிடுங்கள். பெட்ரோலை ராமேசுவரம் ஊருக்குள்ளேயே நிரப்பிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள்.

டிவிஎஸ் எக்ஸெல் மொபெட்ல மீன் பெட்டி கட்டி ஓட்டுறேன். பின்சக்கரம் வருசத்துக்கு ஒரு தடவ போயிருது.

பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீர்தான் காரணம். உருகிய ஐஸும் மீனின் உப்பும் சேர்ந்து, ஏலக்கூடத்திலிருந்து கடைசித் தெரு வரை நேராக ஸ்போக்கிலும் சங்கிலியிலும் விழுகிறது. பெட்டியின் அடித் துளையில் ஒரு முழம் ரப்பர் குழாயைச் செருகி, மட்கார்டுக்குப் பின்னால் தரையை நோக்கித் தொங்கவிடுங்கள். வியாபாரம் முடிந்ததும் ஒரு சொம்பு நல்ல தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றுங்கள்.

பெட்டி பின் அச்சுக்கு அப்பால் தள்ளி நின்றால் முன்சக்கரம் இலேசாகிவிடும். மேலே சொன்ன பாலத்துக் காற்றில் ஹேண்டில் கைக்கு அடங்காது. ஐஸ் கட்டியை அடியிலும் முன்பக்கமாகவும் அடுக்கிப் பெட்டியை இருக்கையோடு ஒட்டிக் கட்டுங்கள்.

பையனுக்குப் பதினாறு வயசு. கியர் இல்லாத வண்டிதானே, எக்ஸெல் ஓட்டலாம்ல?

கூடாது. பதினாறு வயதுக்கு அனுமதி உள்ளது 50 சிசிக்கு உட்பட்ட கியரில்லா வண்டிக்கு மட்டும். எக்ஸெல் 100 ஏறத்தாழ 100 சிசி. சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் சட்டத்தில் உண்டு, பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும்.

தண்ணிக்குள்ள போய் வண்டி நின்னுருச்சு. செல்ஃப் அடிச்சுக்கிட்டே இருந்தா ஸ்டார்ட் ஆகுமா?

ஆகாது, இருக்கும் எஞ்சினும் போய்விடும். 2024 நவம்பர் 20-இல் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது பலர் செய்த தவறு இது. காற்று புகும் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் சென்றிருந்தால், தண்ணீரை நசுக்க முடியாது என்பதால், பிஸ்டன் மேலேறும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சக்கர அச்சுக்கு மேல் தண்ணீர் என்றால் இறங்கவே வேண்டாம். நின்றுவிட்டால் சாவியை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாக மிதித்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். எஞ்சின் ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யலாம். கடல் நீர் என்றால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, வயர் இணைப்புகளைப் பிரித்து உலர்த்துங்கள்.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு இதற்குப் பணம் வராது. முழுக் காப்பீட்டிலும் எஞ்சினுக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்காவிட்டால், தண்ணீருக்குள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தைப் பொதுவாக ஏற்பதில்லை.

காக்கா, தம்பி துபாய்ல இருக்கான். அவன் வண்டி எட்டு மாசமா நிக்குது. அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி வச்சாப் போதுமா?

அண்ணனைக் காக்கா என்று அழைக்கும் கீழக்கரையிலிருந்தும் பெரியபட்டினத்திலிருந்தும் மாதம் ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது செய்யாமல் விடுவதைவிடக் கெடுதல். சைலன்சர் சூடேறாததால் உள்ளே உண்டாகும் நீர் வெளியேறாமல் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை எட்டு, பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஓட்ட ஆளில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி, சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, டேங்கை விளிம்புவரை நிரப்பிவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. டேங்க் பாதி காலியாக இருந்தால் அது உள்ளிருக்கும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கவர் பற்றி முன்பே சொன்னது இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

பழைய வண்டி ஒண்ணு பாத்துருக்கேன். புதுசா பெயிண்ட் அடிச்சு ஜம்முனு இருக்கு. நம்பி வாங்கலாமா?

நான் வாங்கிய முதல் வண்டியும் அப்படித்தான் ஜம்மென்று இருந்தது. மூன்றாம் மாதம் சீட்டைக் கழற்றியபோது, பேட்டரி வைக்கும் தகடு கையோடு அப்பளம் போல உடைந்து வந்தது. பெயிண்ட் அடித்தவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் அடித்திருந்தார்.

ஆகையால் சீட்டைக் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். பேட்டரித் தகட்டையும் சீட்டுக்கடியில் பின்னோக்கிச் செல்லும் சட்டத்தையும் பாருங்கள். பிறகு ஒரு சிறிய ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் சட்டத்தின் அடிப்பக்கத்தையும் பின்சக்கரத்தைத் தாங்கும் கையையும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மொத்தென்று கேட்கும். டேங்க் மூடியைத் திறந்து செல்பேசி வெளிச்சத்தை அடித்துப் பாருங்கள். அடியில் செம்மண் நிறத்தில் பொடி தெரிந்தால், டேங்குக்கு ஆகும் செலவை விலையில் கழித்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.